தொடங்காமலே வென்ற உண்ணாவிரதம்: க்வின்வோர் எவன்ஸும் 1980-இன் வேல்ஸும்

க்வின்வோர் எவன்ஸ் 2005 ஏப்ரல் 21 அன்று மேற்கு வேல்ஸின் பென்காரெக் கிராமத்தில், தன் வீட்டில் காலமானார். வயது 92. ப்ளைட் கம்ரி என்ற வேல்ஸ் தேசியக் கட்சிக்கு 1945 முதல் 1981 வரை 36 ஆண்டுகள் தலைவராக இருந்தவர். அந்தக் கட்சியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆளும் அவர்தான். வேல்ஸ் தன்னைத் தானே ஆள வேண்டும் என்ற கோரிக்கையை, கேட்க ஆள் இல்லாத காலத்திலும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்.

அவர் மீது எனக்குள்ள மரியாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1979-இல் வேல்ஸ் மக்களே சுயாட்சி வேண்டாம் என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வாக்களித்துவிட்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த மனிதருக்கு அது எப்படிப்பட்ட அடி! அப்போது அவருக்கு வயது 66. வீட்டோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்தார். உண்ணாவிரதம் தொடங்கும் நாளுக்கு முன்பே மார்கரெட் தாட்சரின் அரசைப் பின்வாங்கவும் வைத்தார். அந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது, ஏன் பலித்தது, சுயாட்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

ஆள் யார்?

1912 செப்டம்பர் 1-இல், இன்றைய வேல்ஸ் தலைநகரான கார்டிஃபுக்குப் பக்கத்தில் உள்ள பாரி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா டான் எவன்ஸ் அந்த ஊரில் பெரிய கடை வைத்திருந்தவர். நிலக்கரி ஏற்றுமதியால் வளர்ந்த ஊர் அது. தெருவிலும் பள்ளியிலும் ஆங்கிலம்தான், வீட்டிலும் ஆங்கிலம்தான். க்வின்வோர் வேல்ஸ் மொழியைச் சரளமாகக் கற்றது பதின்ம வயதில், தானாக விரும்பி. அபெரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் சட்டம் படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தார். தீர்ப்பாயம் நிபந்தனையில்லாமல் விலக்கு கொடுத்தது. வழக்கறிஞர் தகுதி கையில் இருந்தும் கார்மார்தன்ஷயரின் லாங்காடாக் கிராமத்தில் குடியேறி, கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி பயிரிட்டு விற்றார். 1941-இல் ரியானனைத் திருமணம் செய்தார், ஏழு குழந்தைகள்.

இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வன்முறையை அடியோடு மறுத்தவர், காந்தியின் வழியைப் போற்றியவர். தன் தேசியம் அகிம்சையோடு சேர்ந்தது என்பதை மேடைதோறும் சொன்னவர். மாவட்ட மன்றத்தில் கால் நூற்றாண்டு உட்கார்ந்து சாலை, பள்ளிக்கூடம் என்று பேசியவர். சவால் விடும் ஆள் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கட்சிக்குள் அவரைக் குறை சொன்ன இளைஞர்கள்கூட, 'ரொம்ப மென்மையானவர்' என்றுதான் குறை சொன்னார்கள்.

நீரில் மூழ்கிய ஊரும் கார்மார்தன் இரவும்

ஐம்பதுகளில் லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வடக்கு வேல்ஸில் ட்ரவெரின் பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்ப முடிவு செய்தார்கள். அங்கே காப்பெல் கெலின் என்று ஒரு கிராமம். முழுக்க வேல்ஸ் மொழி பேசும் ஊர். பள்ளிக்கூடம், தபால் அலுவலகம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் தண்ணீருக்குள் போக வேண்டும். வேல்ஸின் உள்ளாட்சி மன்றங்களிடம் அனுமதி கேட்கும் தொல்லையே வேண்டாம் என்று லிவர்பூல் நேராக வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய் 1957-இல் தனிச் சட்டமே வாங்கிவிட்டது. வேல்ஸின் எம்.பி.க்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

1956 நவம்பரில் க்வின்வோர் லிவர்பூல் மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பேச முயன்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டு அவரை வெளியேற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் கிராமத்து மக்கள், குழந்தைகள் உட்பட, லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அவரும் கூடவே நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1965 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. வேல்ஸில் இன்றும் சாலையோரச் சுவரில் 'ட்ரவெரினை மறவாதே' என்ற வாசகம் இருக்கிறது.

ஒரு நாட்டின் எம்.பி.க்கள் ஒன்றாக நின்று 'வேண்டாம்' என்றாலும் அந்த நாட்டின் ஊர் ஒன்று மூழ்கும் என்றால், சுயாட்சி எதற்கு என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோபம் உடனே வாக்காக மாறவில்லை. 1966 மார்ச் பொதுத் தேர்தலில் கார்மார்தன் தொகுதியில் க்வின்வோர் மூன்றாம் இடத்தில்தான் வந்தார். இரண்டே மாதத்தில் அந்தத் தொகுதியின் லேபர் எம்.பி. மேகன் லாயிட் ஜார்ஜ் இறந்தார். ஜூலை 14-இல் இடைத்தேர்தல். கார்மார்தன் ஊரின் கில்ட்ஹால் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நின்றது. க்வின்வோருக்கு 16,179 வாக்குகள், லேபர் வேட்பாளருக்கு 13,743. 2,436 வாக்கு வித்தியாசம். கட்சி தொடங்கி 41 ஆண்டு கழித்துக் கிடைத்த முதல் இடம்.

லண்டனில் வேல்ஸ் மொழியில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு வெற்றி பல கதவுகளைத் தட்டியது. ரோந்தா மேற்கிலும் கேர்ஃபிலியிலும் லேபரின் கோட்டைகள் ஆட்டம் கண்டன. ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் தொகுதியைத் தேசியக் கட்சி பிடித்தது. அரசியலமைப்பை ஆராய ஓர் ஆணையத்தை 1969-இல் ஹரோல்ட் வில்சன் அரசு நியமித்தது. 1973-இல் அது அதிகாரப் பகிர்வைப் பரிந்துரைத்தது. 1979 வாக்கெடுப்பு பிறந்தது இப்படித்தான்.

அவருடைய சொந்தத் தேர்தல் கணக்கோ ஏற்ற இறக்கம். 1970-இல் தோற்றார். 1974 பிப்ரவரியில் வெறும் மூன்றே வாக்கில் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் 3,640 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

1979: ஒரே ஆண்டில் மூன்று அடி

முதல் அடி மார்ச் 1-இல், அதுவும் வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் திருநாளில். கார்டிஃபில் ஒரு மன்றம் அமைக்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஆதரவு 2,43,048, எதிர்ப்பு 9,56,330. எட்டு மாவட்டங்களிலும் தோல்வி. வேல்ஸ் மொழி வலுவாக இருக்கும் க்வினெத்தில்கூட மூன்றில் ஒருவர்தான் ஆதரித்தார். லேபர் கட்சி தன் சொந்தத் திட்டத்தின் மீதே இரண்டாகப் பிளந்து நின்றது; நீல் கினக் போன்ற இளம் எம்.பி.க்கள் எதிர்ப்புப் பிரசாரத்தின் முன்னணியில் நின்றார்கள். தெற்கே இருந்தவர்களிடம் 'வடக்கே இருக்கும் வேல்ஸ் மொழிக்காரர்கள் உங்களை ஆளப் போகிறார்கள்' என்றும், வடக்கே இருந்தவர்களிடம் 'கார்டிஃப்காரர்கள் ஆளப் போகிறார்கள்' என்றும் பயம் காட்டப்பட்டது. இரண்டு பயமும் பலித்தன.

இரண்டாவது அடி மே 3 பொதுத் தேர்தலில். கார்மார்தனில் க்வின்வோர் தோற்றார். தாட்சர் ஆட்சிக்கு வந்தார்.

மூன்றாவது அடி செப்டம்பரில். அதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துத் தொலைக்காட்சியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அப்போது மூன்று அலைவரிசைகள்தான். வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகள் பிபிசியிலும் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியிலும் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு நடுவே, யாருக்கும் வசதியில்லாத நேரங்களில் செருகப்பட்டிருந்தன. வேல்ஸ் மொழி பேசுபவருக்கு அது போதவில்லை. பேசாதவருக்கோ, தான் பார்க்க விரும்பிய நிகழ்ச்சியை இது தள்ளிவிடுகிறதே என்று எரிச்சல். தெற்கிலும் வடகிழக்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கூரை மேல் ஆன்டெனாவை இங்கிலாந்துப் பக்கக் கோபுரங்களை நோக்கித் திருப்பிவைத்தார்கள். தன் நாட்டுச் செய்தியே வராது, பரவாயில்லை, புரியாத மொழி வராமல் இருந்தால் சரி என்று. ஒரு மொழியைக் காக்க வைத்த ஏற்பாடு, அந்த மொழி மீதே வெறுப்பை வளர்த்துக்கொண்டிருந்தது.

மொழியும் தேய்ந்துகொண்டிருந்தது. 1961 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 26 சதவீதம் பேர் அதைப் பேசினார்கள். 1981-இல் 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் வந்து உட்கார்ந்த இருபது ஆண்டுகள் அவை.

வரப்போகும் நான்காவது அலைவரிசையை வேல்ஸில் வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகளுக்கே கொடுத்துவிடலாம் என்று அரசு அமைத்த க்ராஃபோர்ட் குழு 1974-இலேயே சொல்லியிருந்தது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி தரும் தீர்வு. வேல்ஸ் மொழிக்காகப் போராடிய மொழி இயக்கத்தின் இளைஞர்கள் இதற்காகக் கோபுரங்களில் ஏறினார்கள், சிறை போனார்கள். 1979 தேர்தலில் எல்லாப் பெரிய கட்சிகளும் ஒத்துக்கொண்டன. கன்சர்வேடிவ் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அது இருந்தது. புதிய அரசு தன் திட்டங்களை அறிவித்த முதல் மகாராணி உரையிலும் இருந்தது.

அப்புறம் செப்டம்பர் 12-இல், உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா கேம்பிரிட்ஜில் பேசும்போது, அது வேண்டாம், நிகழ்ச்சிகளை இரண்டு அலைவரிசைகளில் பிரித்துப் போடுவோம் என்று அறிவித்துவிட்டார். நாலு மாதத்தில் வாக்குறுதி காற்றில் பறந்தது.

கோபுரத்தை அணைத்தவர்கள்

எதிர்ப்பு உடனே கிளம்பியது. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கட்ட மாட்டோம், சிறைக்குப் போகத் தயார் என்று சுமார் 2,000 பேர் உறுதி கொடுத்தார்கள். அவர்களில் பலரும் ஆசிரியர்கள், போதகர்கள், ஓய்வுபெற்றவர்கள்; வாழ்நாளில் ஒரு சட்டத்தையும் மீறாதவர்கள்.

1979 அக்டோபரில் மூன்று பேர் பென்காரெக் ஒலிபரப்புக் கோபுர நிலையத்துக்குள் நுழைந்து கருவியை அணைத்தார்கள். இறையியல் அறிஞர் பென்னார் டேவிஸ், நாட்டுப்பாடல் அறிஞர் மெரெதித் எவன்ஸ், இலக்கிய விரிவுரையாளர் நெட் தாமஸ். டேவிஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. எவன்ஸும் அதை நெருங்கிக்கொண்டிருந்தார். இளைஞர்களின் கோபம் என்று அரசால் இதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

இதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. 1979 டிசம்பரில், வெளியூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டிவைத்திருந்த விடுமுறை வீடுகளுக்கு இரவில் தீவைக்கும் சம்பவங்கள் தொடங்கின. வாக்கெடுப்பில் தோற்ற ஒரு மக்கள் கூட்டத்தின் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது 1980 தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. க்வின்வோருக்கு இது பெரிய கவலை. இந்தக் கோபத்துக்கு அகிம்சை வழியில் ஒரு வடிகால் கொடுக்காவிட்டால் நெருப்பு பெருகும் என்பதை அவரைப் போன்ற சமாதானவாதி நன்றாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

மே மாத அறிவிப்பு

1980 மே மாதத் தொடக்கத்தில் அறிவித்தார்: அரசு தன் வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம். இடம், லாங்காடாக்கில் தாலார் வென் என்ற தன் சொந்த வீடு. மனைவியின் அண்ணனும் கட்டடக் கலைஞருமான டெவி-ப்ரிஸ் தாமஸ் அவர்களுக்காக வரைந்து கொடுத்த வீடு அது.

இந்த அறிவிப்பில் அவர் எதையெல்லாம் கணக்கில் எடுத்திருந்தார் என்று பார்த்தால், வெறும் உணர்ச்சிவசப்பட்ட முடிவு இல்லை என்பது தெரியும்.

முதலாவது, அவகாசம். நாளைக்கே தொடங்குகிறேன் என்று சொல்லவில்லை. ஐந்து மாதம் கொடுத்தார். அந்த ஐந்து மாதத்தில் அரசுக்கு யோசிக்க நேரம் இருந்தது. அதைவிட முக்கியம், இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கக்கூடிய மரியாதைக்குரிய மனிதர்கள் நடமாட இடம் இருந்தது. கெடு குறுகியதாக இருந்திருந்தால் அரசு வீம்புக்காகவாவது நின்றிருக்கும்.

இரண்டாவது, கேட்டது புதிதில்லை. 'சுயாட்சி கொடு, இல்லாவிட்டால் சாவேன்' என்று அவர் சொல்லியிருந்தால், ஓராண்டுக்கு முன் மக்களே வேண்டாம் என்று சொன்னதை மிரட்டி வாங்கப் பார்க்கிறார் என்று சிரித்திருப்பார்கள். அவர் கேட்டது அரசு எழுத்தில் கொடுத்திருந்த வாக்கு. அதற்கு எதிராக வாதாட அரசிடம் பணக் கணக்கு இருந்தது, நியாயம் இல்லை.

மூன்றாவதாக அவருடைய நற்பெயரைச் சொல்ல வேண்டும். இந்த ஆள் சொன்னால் செய்வார் என்று எதிரிகளும் நம்பினார்கள். நாற்பது ஆண்டாக மிகைப்படுத்தாமல் பேசியவர் திடீரென இப்படிச் சொன்னபோது, அதன் எடையே வேறு.

மூன்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான். போராட்டத்தில் ஈடுபடும் பலர் தங்கள் உச்சக் கோரிக்கையையே முன்னால் வைப்பார்கள். இவர் தன் வாழ்நாள் கோரிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வெல்லக்கூடிய, வென்றால் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

கோடையும் செப்டம்பரும்

அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். வாக்கெடுப்பில் மண்ணைக் கவ்விய கட்சியின் கூட்டத்துக்கு ஓராண்டுக்குள் அரங்கம் நிறைந்தது. ஒவ்வொரு ஊரிலும் 'இதுதான் அவரைக் கடைசியாகப் பார்ப்பதோ' என்ற எண்ணத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். கார்டிஃப் பேரணிக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். இதற்கிடையில் உரிமக் கட்டணம் கட்டாதவர்களின் வழக்குகள் நீதிமன்றங்களில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஜூலையில் பென்காரெக் மூவரும் கார்மார்தன் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

செப்டம்பர் 10-இல் மூன்று பேர் லண்டனில் வைட்லாவைச் சந்தித்தார்கள். வேல்ஸ் விவகார அமைச்சராக இருந்த லேபர் தலைவர் கிளெட்வின் ஹியூஸ்; வேல்ஸ் திருச்சபையின் பேராயர் ஜி. ஓ. வில்லியம்ஸ், வேல்ஸ் விவகாரத் துறையின் நிரந்தரச் செயலாளராக இருந்த சர் கொரோன்வி டேனியல். மூவரில் ஒருவரும் ப்ளைட் கம்ரிக்காரர் இல்லை. லண்டனின் ஆட்சி வட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த, நம்பிக்கையான முகங்கள். அவர்கள் எடுத்துச் சொன்னது எளிது: மிதவாதிகளின் நம்பிக்கையை நீங்கள் இழந்துகொண்டிருக்கிறீர்கள், இந்த மனிதர் இறந்தால் அடுத்து நடப்பதற்கு யாராலும் பொறுப்பேற்க முடியாது.

ஒரு வாரத்தில், செப்டம்பர் 17-இல், அரசு இறங்கி வந்தது. வேல்ஸின் நான்காவது அலைவரிசை வேல்ஸ் மொழிக்கே. முதலில் மூன்று ஆண்டுச் சோதனை முயற்சியாக. செய்தி வந்த அன்று மாலை க்வின்வோர் பெம்ப்ரோக்ஷயரின் க்ரமிக் என்ற ஊரில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். உண்ணாவிரதம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தாட்சர் அரசு தன் முதல் ஆண்டுகளில் வெளிப்படையாகப் பின்வாங்கிய முடிவுகள் மிகச் சில. அதில் இது ஒன்று.

மிரட்டல் இல்லையா இது?

அப்போதே இந்தக் கேள்வி எழுந்தது. தேர்தலில் தோற்ற ஒருவர் உயிரைக் காட்டி அரசின் கையை முறுக்கலாமா? ஜனநாயகத்தில் இது சரியா? எதிர்த்தவர்கள் இதைப் பச்சையான மிரட்டல் என்றார்கள். அவருடைய கட்சியிலேயே சங்கடப்பட்டவர்கள் இருந்தார்கள்.

இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சாகும்வரை உண்ணாவிரதம் என்பது எதிராளியின் மனசாட்சி மீது மட்டுமல்ல, அவர் பதவி மீதும் கைவைக்கிறது. ஆனால் இங்கே அரசு மீறியது தன்னுடைய தேர்தல் வாக்குறுதியையே. மக்கள் அந்த அலைவரிசைக்கு எதிராக வாக்களிக்கவில்லை. அதைத் தருவதாகச் சொன்ன கட்சிகளுக்குத்தான் வாக்களித்தார்கள். தவிர, துன்பத்தை அவர் வேறு யார் மீதும் சுமத்தவில்லை, தன் மீதே ஏற்றுக்கொண்டார். அதனால்தான் நான் இதை நியாயம் என்று நினைக்கிறேன். இதே முறையை வேறொரு கோரிக்கைக்கு அவர் பயன்படுத்தியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் ஒருவரே இதை வென்றார் என்று எழுதுவது, அவரையே அவமதிப்பது. எழுபதுகள் முழுக்கச் சிறைக்குப் போன மொழி இயக்க இளைஞர்கள் இல்லாமல் இந்தக் கோரிக்கையே உருவாகியிருக்காது. கட்டணம் மறுத்த இரண்டாயிரம் பேர் இல்லாமல் அரசு பயந்திருக்காது. கிளெட்வின் ஹியூஸ் குழு இல்லாமல் அரசு மானத்தோடு இறங்கிவர ஏணி கிடைத்திருக்காது. வைட்லாவையும் சொல்ல வேண்டும். வீம்பு பிடிக்காமல் நிலைமையைப் புரிந்துகொண்டு மாறினார். க்வின்வோர் செய்தது, இவ்வளவு பேருடைய உழைப்பும் ஒரே தேதியில் வந்து குவியும்படி ஒரு நாளைக் குறித்தது.

என்ன கிடைத்தது?

அந்த வேல்ஸ் மொழி அலைவரிசை, எஸ்4சி என்ற பெயரில், 1982 நவம்பர் 1-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. லண்டனின் சேனல் 4 தொடங்கியது மறுநாள்தான். வாரத்துக்குச் சுமார் 22 மணி நேரம் வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகள், அதுவும் மாலை முதன்மை நேரத்தில். பத்து மணி நேர நிகழ்ச்சியை பிபிசி இலவசமாகக் கொடுத்தது. மீதியை வணிகத் தொலைக்காட்சியும் புதிய தனியார் தயாரிப்பாளர்களும் செய்தார்கள். அலைவரிசை ஆணையத்தின் முதல் தலைவர், வைட்லாவைப் பார்க்கப் போன அதே கொரோன்வி டேனியல்.

கார்டிஃபிலும் கேர்னார்ஃபனிலும் ஒரு தயாரிப்புத் தொழிலே புதிதாக முளைத்தது. குழந்தைகளுக்காக வேல்ஸில் வரைந்த 'சூப்பர்டெட்' பல நாடுகளுக்குப் போனது. வேல்ஸ் மொழியில் எழுதி, நடித்து, படம்பிடித்துச் சம்பளம் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

மொழி பேசுவோர் எண்ணிக்கை இதனால் பாய்ந்து ஏறிவிடவில்லை. 1981-க்கும் 1991-க்கும் இடையே ஐந்து லட்சத்துச் சொச்சத்திலேயே நின்றது. 2021 கணக்கெடுப்பில் 17.8 சதவீதம். ஒரு தொலைக்காட்சியால் மட்டும் ஒரு மொழி பிழைத்துவிடாது. ஆனால் நூறு ஆண்டுச் சரிவு அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய நின்றது. பள்ளிக்கூடங்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

சுயாட்சிக்கு என்ன தொடர்பு?

1997 செப்டம்பர் 18. மறுபடி வாக்கெடுப்பு. இரவு முழுக்க எதிர்ப்பு முன்னணியில் இருந்தது. ஒவ்வொரு பகுதியாக முடிவு வர, ஆதரவாளர்கள் முகம் தொங்கிப்போயிருந்தது. கடைசியாக அறிவிக்கப்பட்டது கார்மார்தன்ஷயர். அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஆதரித்திருந்தார்கள். அந்த ஒரு மாவட்டத்தின் வாக்கு மொத்தக் கணக்கையே புரட்டிப் போட்டது. ஆதரவு 5,59,419, எதிர்ப்பு 5,52,698. வித்தியாசம் 6,721. 1979-இல் 20.3 சதவீதமாக இருந்த ஆதரவு 50.3 சதவீதம் ஆகியிருந்தது. க்வின்வோருக்கு அப்போது வயது 85. முப்பது ஆண்டுக்கு முன் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அதே மண்.

இந்த மாற்றத்துக்கு 1980-தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1984-85 நிலக்கரி வேலைநிறுத்தமும், அதற்குப் பின் மூடப்பட்ட சுரங்கங்களும் தெற்கு வேல்ஸின் மனதை மாற்றின. வேல்ஸில் பெரும்பான்மை கிடைக்காத கன்சர்வேடிவ் கட்சி, 18 ஆண்டு வேல்ஸை ஆண்டது. தேர்ந்தெடுக்கப்படாத வாரியங்கள் பெருகின. 1979-இல் எதிர்த்த பல லேபர்காரர்களே இப்போது 'நமக்கென்று ஒரு மன்றம் இருந்திருந்தால்' என்று பேசினார்கள். லேபரின் வேல்ஸ் தலைவர்களில் ஒருவரான ரான் டேவிஸ் தன் கட்சியைச் சுயாட்சிப் பக்கம் இழுத்து வந்தார். பெரிய காரணங்கள் இவை.

ஆனால் 1979-இல் சுயாட்சியைக் கவிழ்த்த பயங்களில் ஒன்று மொழிச் சண்டை. எஸ்4சி அந்தச் சண்டையின் தினசரி எரிச்சலைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் தன் நிகழ்ச்சிகள் திரும்பக் கிடைத்தன. ஆன்டெனாவைத் திருப்பத் தேவையில்லை. வேல்ஸ் மொழிக்காரருக்குத் தனக்கென ஒரு வீடு கிடைத்தது. தொண்ணூறுகளில் 'மொழிக்காரர்கள் உங்களை ஆளப் போகிறார்கள்' என்ற பிரசாரம் முன்பு போல எடுபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதோடு, வேல்ஸ் முழுவதற்கும் என்று ஒரு நிறுவனத்தை வேல்ஸ்காரர்களே நடத்திக் காட்டினார்கள். வெறும் 6,721 வாக்கில் தீர்ந்த விஷயத்தில் இப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு.

1999-இல் 60 உறுப்பினர்களோடு தேசிய மன்றம் கூடியது. 2011 வாக்கெடுப்பில் அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் 63.5 சதவீத ஆதரவோடு கூடியது. 2020 முதல் அதன் பெயர் செனெத். க்வின்வோரின் சாம்பல் லாங்காடாக்குக்குப் பக்கத்தில் கார்ன் கோக் என்ற பழைய குன்றுக்கோட்டையில் தூவப்பட்டது; அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

எஸ்4சி-யின் தலைமையகம் 2018-இல் கார்டிஃபிலிருந்து கார்மார்தனுக்கு மாறியது. ஆனால் ஒளிபரப்பு பற்றிய அதிகாரம் செனெத்துக்கு இன்னும் தரப்படவில்லை. 2010-இல் லண்டன் அரசு எஸ்4சி-க்கான தன் பணத்தை வெட்டி, செலவின் பெரும்பகுதியை பிபிசியின் உரிமக் கட்டணத்தில் ஏற்றியபோது, கார்டிஃபில் இருந்த அரசால் ஆட்சேபிக்கத்தான் முடிந்தது. 2022 முதல் அந்தக் கட்டணமே அதன் பொதுப்பணம் முழுவதும். அந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது வெஸ்ட்மின்ஸ்டர். ஒளிபரப்பு அதிகாரத்தை வேல்ஸுக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை ப்ளைட் கம்ரியும் மொழி இயக்கமும் இன்னமும் கைவிடவில்லை.